மனைவிக்குப் போட்ட வயது

தம் மனைவி எழுபத்து நான்கு வயதில் காலமாவாள் என்று லிஃப்ட் ஆய்வாளர் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி ஆறுவதற்குள். அந்த நேரம் அவள் பக்கத்து அறையில் அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அதற்காக அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொல்லைத் தட்டாத மனிதர். கணக்கு இடித்தது, இடித்த இடத்தில் மனைவி இருந்தாள், அவ்வளவுதான்.

கணக்கைக் கொடுத்தவர் ஒரு நிதி ஆலோசகர். அந்தப் பெண்ணுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்தால் நம் கிழட்டுக் காலத்தை ஏற்கெனவே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்போலப் பேசுவாள். கணினியில் போட்டுப் பார்க்க ஓர் அட்டவணை அனுப்பியிருந்தாள். மேலே சில கேள்விகள்: எந்த வயதில் வேலையை விடுவீர்கள், பெரிய செலவுகள் என்னென்ன, ஓய்வூதியம் எந்த வகை, கணவர் எந்த வயதுவரை இருப்பார், மனைவி எந்த வயதுவரை இருப்பார். கீழே வருடத்துக்கு ஒரு கட்டம். கையில் பணம் இருக்கும் வருடம் பச்சை, இல்லாத வருடம் சிவப்பு. பதில்களை மாற்ற மாற்றக் கட்டங்களும் நிறம் மாறும். ஆய்வாளருக்கு இது ஒரு போதையாகிவிட்டது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே தம்முடைய எண்பத்து மூன்றாவது வயது எப்படி இருக்கிறது என்று ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

அவருக்கு இப்போது ஐம்பத்தேழு. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அந்த ஆசை பிறந்த இடம் முழங்கால். லிஃப்ட் ஆய்வாளர் என்றால் நாளெல்லாம் லிஃப்டில் சொகுசாக ஏறி இறங்குகிறவர் என்று ஊர் நினைக்கிறது. ஆனால் சோதனை முடிந்து சான்றிதழில் கையெழுத்து விழும்வரை லிஃப்ட் நின்றுதான் கிடக்கும். உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படியில்தான் போக வேண்டும். பதினான்கு மாடி ஏறி, கயிற்றைப் பார்த்து, பிரேக்கைப் பார்த்து, இறங்கி வந்து கீழே குழியைப் பார்த்து, சந்தேகம் வந்தால் மறுபடி ஏற வேண்டும். அவருக்குச் சந்தேகம் வராத கட்டடமே கிடையாது. அலுவலகத்தில் அவருக்கு 'இன்னொருதடவை' என்று பட்டப்பெயர்.

அந்த அலுவலகத்தில் ஓய்வூதியம் இரண்டு வகை. தனி வகையில் மாதாமாதம் கணிசமாக வரும். ஆனால் அவர் கண்ணை மூடும் மாதத்தோடு நின்றுவிடும். இணை வகையில் தொகை குறைவு. அவருக்குப் பிறகு மனைவி இருக்கும்வரை அவளுக்கு வரும். தனி வேண்டுமென்றால் மனைவியும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் தேர்ந்தெடுத்ததுதான், பிறகு தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

இணை என்று போட்டால் அறுபத்திரண்டுவரை படி ஏற வேண்டும் என்று அட்டவணை அடித்துச் சொல்லியது. தனி என்று போட்டால் ஐம்பத்தெட்டில் விட்டுவிடலாம் போலிருந்தது. எண்பத்தொன்றிலிருந்து மட்டும் கொஞ்சம் சிவப்பு. அந்தச் சிவப்பைத் துடைக்கத்தான் அவர் அன்று காலை காபியோடு உட்கார்ந்தார். புதுக் காரைத் தள்ளிப்போட்டார். துடைபடவில்லை. மகளுக்கு வீடு வாங்க உதவுவதாகச் சொன்ன தொகையைப் பாதியாக்கினார். துடைபடவில்லை. கப்பல் பயணத்தில் கை வைக்கலாம் என்றால் அது மனைவியின் நெடுநாள் ஆசை. அதில் கை வைத்தால் தாம் எண்பத்தொன்றைப் பார்ப்பதே சந்தேகம். அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. லிஃப்டில் பாரம் கூடி மணி அடித்தால் என்ன செய்வோம்? யாராவது ஒருவரை இறக்கிவிடுவோம். மனைவிக்குப் போட்டிருந்த தொண்ணூறை அழித்துவிட்டு எண்பத்தைந்து போட்டார். போதவில்லை. எண்பது. எழுபத்தெட்டு. எழுபத்து நான்கு என்று போட்டதும் திரை முழுக்க ஒரே பச்சை. அவருக்கு உச்சி குளிர்ந்தது. தமக்குப் போட்டிருந்த தொண்ணூறைக் குறைக்கலாம் என்ற யோசனை சத்தியமாக அவருக்கு வரவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டு ஆண்கள் யாரும் எழுபதைத் தாண்டியதில்லை. அவள் வீட்டுப் பெண்களோ தொண்ணூறுக்குள் சாவதை ஒரு மரியாதைக் குறைவாக நினைப்பவர்கள்.

சனிக்கிழமை இருவரும் ஆலோசகரின் அறையில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி மேஜை, மெத்தை நாற்காலிகள், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத ஒரு தொட்டிச்செடி. மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்ப்பவள். அங்கே ஓய்வூதியம் என்ற பேச்சே கிடையாது. வருடத்துக்கு ஒரு பிரஷ் கொடுப்பார்கள். ஆகையால் இந்தக் கணக்கெல்லாம் கணவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"சார் ரொம்ப அழகா முடிச்சிருக்காங்க மேடம்," என்று ஆலோசகர் திரையைத் திருப்பினாள். "எல்லாமே பச்சை. சாருக்குத் தொண்ணூறு, உங்களுக்கு எழுபத்து நாலு, தனி ஓய்வூதியம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

"எனக்கு எழுபத்து நாலுன்னா?"

"அது வந்து, உங்க கணக்கு முடியற வயசு மேடம்."

"எந்தக் கணக்கு?"

ஆலோசகர் ஆய்வாளரைப் பார்த்தாள். ஆய்வாளர் செடியைப் பார்த்தார்.

"நான் சாகற வயசா?"

"அது சும்மா ஒரு நம்பர்," என்றார் ஆய்வாளர். "கணக்குக்காகப் போட்டது. அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது."

"அர்த்தம் இல்லாமலா உங்களுக்கு மட்டும் தொண்ணூறு போட்டுக்கிட்டீங்க?"

அவர் மறுபடியும் செடிப் பக்கம் திரும்பினார்.

"ஊருக்கே தேதி குடுக்கறவ நான்," என்றாள் மனைவி, குரலை உயர்த்தாமல். "ஒரு பல்லைப் பிடுங்கறதுக்குக்கூட ஃபோன் பண்ணி, உங்களுக்கு வசதிப்படுமான்னு கேட்டுட்டுத்தான் போடுவேன். எனக்கு நீங்க கேக்காமலே போட்டுட்டீங்க." பேனாவை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில், குடிக்கக் கொடுத்திருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், தூங்கினாள். திங்கட்கிழமை காலையில் அழுக்குத் துணிக்கூடை அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இது எதுக்கு இங்க இருக்கு?"

"எனக்கு இருக்கறதே இருபது வருஷம். அதுல துணி துவைச்சு எதுக்கு வீணாக்கணும்? உங்களுக்கு முப்பத்து மூணு வருஷம் கிடக்கு. மெதுவா துவைங்க."

அன்றிலிருந்து வீட்டில் நேரம் பிடிக்கும் வேலை எதுவோ அது ஆயுள் அதிகமுள்ளவர் தலையில் விழுந்தது. வங்கி வரிசையில் அவர் நின்றார். குளிர்சாதனப் பெட்டியில் உறைந்த பனிக்கட்டியை அவர் சுரண்டினார். வெள்ளைத் துணியோடு சிவப்புத் துண்டைப் போட்டுத் துவைத்து, இளஞ்சிவப்புச் சட்டையில் வேலைக்குப் போனார். மனைவி விலை கூடிய செருப்பு ஒன்று வாங்கி வந்து, "இன்னும் ரெண்டு ஜோடி தேஞ்சா ஆள் போய்ச் சேர்ந்துடுவேன், அதான் நல்லதா வாங்கிட்டேன்," என்றாள். வழக்கமாகப் பார்க்கும் டிவி தொடரையும் நிறுத்திவிட்டாள். அது முடிவதற்குள் தனக்கு எழுபத்து நாலு ஆகிவிடும் என்று காரணம் சொன்னாள். இதில் மட்டும் ஆய்வாளருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

வேறு நகரத்தில் வேலை பார்க்கும் மகள் ஃபோன் செய்தாள்.

"அம்மா எப்போ சாகப் போறாங்கன்னு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. நான் லீவு சொல்லணும்ல."

"அது வெறும் கணக்கும்மா."

"என் வீட்டுக்கு வெச்சிருந்த பணம் பாதியானதும் அதே கணக்குதானா?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா திரையை முழுசாப் படிச்சுட்டுத்தான் எழுந்து வந்திருக்காங்க."

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்தில்லாத படிவம் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. அதன்மேல் அவள் உப்பு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளர் வெள்ளைக்கொடி பிடித்தார். கணினியைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்து, அவள் கண்முன்னாலேயே எழுபத்து நான்கை அழித்துத் தொண்ணூறு போட்டார். கீழே சிவப்பு வந்தது.

"பாரு, இதுக்காகத்தான் குறைச்சேன். வேற ஒரு எண்ணமும் இல்ல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் போனதுக்கப்புறம் உங்க செலவுன்னு என்ன போட்டிருந்தீங்க?"

"பாதி. ஒரு ஆள்தானே."

"சமையல்?"

"நானே பண்ணிப்பேன்."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் கடைசியாகச் சமைத்தபோது பாத்திரத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியிருந்தது இருவருக்கும் ஞாபகம் இருந்தது. "சரி, ஆள் வெச்சுக்கறேன்," என்றார்.

"அந்தச் சம்பளத்தைப் போடுங்க. வீடு பெருக்கித் துடைக்க?"

"அதுக்கும் ஆள்."

"போடுங்க. துணியை நீங்க துவைக்கிற லட்சணத்துக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை புதுச் சட்டை வாங்கணும். அதையும் போடுங்க. சாவியை எங்க வெச்சீங்கன்னு யாரு சொல்லுவா?"

"அதுக்கெல்லாம் ஆள் கிடைக்காது."

"அப்போ பூட்டு உடைக்கறவருக்குப் போடுங்க. மாசம் ரெண்டு தடவை. அப்புறம் நீங்க பேரம் பேசமாட்டீங்க, கடைக்காரன் சொன்ன விலையை வெட்கப்பட்டுக்கிட்டே குடுத்துட்டு வருவீங்க. மொத்தத்துல ஒரு பத்து சதவீதம் ஏத்திக்கோங்க."

அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதிலும் எண்களிடம் சுத்தமாகத் தெரியாது. எல்லாவற்றையும் போட்டு முடித்து, மறுபடியும் அவளை எழுபத்து நான்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார். அவள் போன மறு வருடமே சிவப்பு ஆரம்பித்துவிட்டது. அவள் தொண்ணூறுவரை இருந்தபோது வந்ததைவிட அதிகச் சிவப்பு.

"என்னைச் சாக விட உங்களுக்குக் கட்டுப்படி ஆகாது," என்றாள் மனைவி. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்குடைபட்ட எரிச்சலில் இருந்தார். "சரி, அப்போ நான் போறேன். சாவியைத் தொலைக்கிறவன் நான், மாத்திரை திங்கறவன் நான், நான்தானே தண்டச்செலவு. எனக்கு எழுபது போடறேன். எங்கப்பா போன வயசுதான். நீ பச்சையா இரு."

வீறாப்பாகத் தம்முடைய தொண்ணூறை அழித்து எழுபது என்று தட்டினார். அப்புறம் திரையைப் பார்த்தார்.

அந்த வருடத்திலிருந்து கடைசிவரை சிவப்பு. நடுவில் பேருக்குக்கூட ஒரு பச்சை இல்லை. தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி தட்டினார். அதே சிவப்பு. ஓய்வூதிய வரிசையைப் பார்த்தார். எழுபதுக்கு மேல் வரிசையாகப் பூஜ்யம். அதுதானே தனி வகை. அவருக்குத் தெரியாததா? படிவத்தை எத்தனை தடவை படித்திருப்பார். ஆனால் இத்தனை நாள் தட்டிய கணக்கில் எதிலும் அவர் தொண்ணூறுக்கு முன்னால் செத்ததே இல்லை. ஒரே ஒரு தடவைகூட அப்படிப் போட்டுப் பார்க்கத் தோன்றியதில்லை. கயிற்றில் ஓர் இழை பிரிந்திருந்தால் கட்டடத்தையே நிறுத்திவைக்கிறவர், வீட்டுக் கயிற்றை ஒரு பக்கம் மட்டும் பார்த்திருக்கிறார்.

சிவப்புக் கட்டங்களின் ஓரத்தில் அவளுடைய வயது சின்ன எழுத்தில் ஓடியது. அறுபத்தெட்டு, எழுபத்தைந்து, எண்பத்திரண்டு. அந்த வயதில் அவள் எந்த வீட்டில் இருப்பாள், யாரிடம் கை நீட்டுவாள் என்று நினைத்ததும் அவருக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. மனைவியும் திரையைப் பார்த்தாள்.

"சாப்பிட வாங்க," என்று எழுந்து போனாள்.

மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு பழைய கட்டடத்தில் மோட்டார் அறைக்கு மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு, முட்டி வீங்கிப்போய் வீடு வந்தார். வாசல் படியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறுவதை அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். சுடுதண்ணீர்ப் பையைக் கொண்டுவந்து முட்டிமேல் வைத்தாள். பிறகு உப்பு டப்பாவை நகர்த்தி, படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"என்ன பண்றே நீ?"

"தனின்னே போட்டுக்கோங்க. இந்த முட்டியோட அஞ்சு வருஷம் எப்படி ஏறுவீங்க? எனக்கு வர்றப்போ பார்த்துக்கலாம். பொண்ணு இருக்கா, நான் ஒண்ணும் தெருவுல நின்னுட மாட்டேன்."

அவர் படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார், முட்டி வலி என்று சொல்லிச் சமாளித்தார்.

கடைசி நாள் மதியம் ஓய்வூதிய அலுவலகத்தின் கவுன்டர் முன்னால் நின்றபோது ஐம்பத்தெட்டு அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மனைவியின் கையெழுத்து கீழே தயாராக இருந்தது. மேலே இரண்டு கட்டங்கள். ஒன்றில் ஒரு சின்னக் கோடு இழுத்தால் போதும். முட்டி கெஞ்சியது. பின்னால் வரிசையில் நின்றவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். ஆய்வாளர் இணை என்ற கட்டத்தில் கோடு போட்டுப் படிவத்தை உள்ளே தள்ளினார்.

கவுன்டரில் இருந்த குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இணைக்கு மனைவி கையெழுத்து தேவையில்லையே சார். வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

"அவங்களா போட்டுக் குடுத்தாங்க."

"அவங்களே போட்டுட்டாங்கன்னா தனின்னே போட்டுக்கலாமே. கூட வருமே."

"தெரியும் சார்."

குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும்தான் அத்தனை நாள் பாக்கி வைத்திருந்த திட்டு மொத்தமாக வந்தது. மூளை இருக்கிறதா என்று கேட்டாள். முட்டி தேய்ந்து முழு நேரமும் படுத்துக்கொண்டால் யார் தூக்குவது என்று கேட்டாள். கையெழுத்துப் போட்டவள் முட்டாளா என்று கேட்டாள். ஆய்வாளர் எல்லாவற்றையும் சுகமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டி முடித்த கையோடு, மூலையில் கிடந்த துணிக்கூடையை அவளே எடுத்துக்கொண்டு போனாள். பாதித் துணியை மட்டும் அவருக்கு விட்டுவைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி ஆலோசகரின் அறை. வேலை அறுபத்திரண்டுவரை, ஓய்வூதியம் இணை என்று புதிதாகப் போட ஆரம்பித்தார்கள். புதுக் கார் கணக்கிலிருந்தே காணாமல் போனது. கப்பல் பயணம் இருந்தது, ஜன்னல் இல்லாத அறையில். மகளின் தொகை முழுசாகத் திரும்பி வந்தது. இல்லையென்றால் அவள் ஃபோன் செய்வாள். எல்லாம் முடிந்து, அந்த இரண்டு பெட்டிகள் மட்டும் காலியாக நின்றன. ஆலோசகர் இந்தத் தடவை ஆய்வாளர் பக்கம் திரும்பவே இல்லை.

"வயசை நீங்களே சொல்லிடுங்க மேடம்."

"அவருக்குத் தொண்ணூறே இருக்கட்டும். எனக்கு நூறு போடுங்க."

ஆலோசகர் தட்டினாள். ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டங்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தொண்ணூறில் அவருடைய வரிசை முடிந்தது. அதற்குக் கீழே அவள் மட்டும் இருந்தாள். பச்சை. ஆடம்பரத்துக்கு இடமில்லை, இழுத்துப் பிடித்த பச்சைதான், ஆனால் கடைசிவரை பச்சை. வாடகைக்கு இருந்தது, மருந்துக்கு இருந்தது, வருடத்துக்கு ஒரு நல்ல செருப்புக்குக்கூட இருந்தது. தாம் இல்லாத வருடங்களைப் பார்த்து ஒரு மனிதனுக்கு இவ்வளவு நிம்மதி வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"பாத்தீங்களா," என்றாள் மனைவி, "நீங்க இல்லாமலே நல்லா இருக்கேன்."

"ஆமா," என்றார். கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையில் தான் மட்டும் இருந்த அந்தப் பச்சை வரிசையை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை போலிருந்தது.

"அவருக்கும் நூத்தி மூணு போடுங்க," என்றாள் ஆலோசகரிடம்.

ஆலோசகர் போட்டுப் பார்த்தாள். "சார் அவ்வளவு நாள் இருந்தா கடைசியில சிவப்பு வந்துருது மேடம்."

"வரட்டும்," என்றாள் மனைவி.